டேப்பஸ்ட்ரி: படமே துணியாகும் நெசவும் அதன் பெயரும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஆங்கிலக் கட்டுரைகளில் ‘வாழ்க்கையின் டேப்பஸ்ட்ரி’, ‘பண்பாடுகளின் டேப்பஸ்ட்ரி’ என்று அடிக்கடி வருகிறது. அகராதியில் திரைச்சீலை என்று போட்டிருக்கிறது. வாழ்க்கை எப்படித் திரைச்சீலை ஆகும்? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?" ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டது போலத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தத் துணி என்ன, பெயர் எப்படி வந்தது, எழுதுகிறவர்கள் அதை எதற்கு உவமையாக எடுக்கிறார்கள். உங்களை உறுத்தியது மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். அதற்கான பதில் முதலாவதில் இருக்கிறது. திரைச்சீலை என்ற அகராதிப் பொருள் அந்தத் துணி எங்கே தொங்கும் என்பதைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அது எப்படி உருவாகிறது என்பது தெரிந்தால்தான் உவமை எங்கே பொருந்துகிறது, எங்கே வெறும் அலங்காரமாக நிற்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

நான் தறியில் பழகி, பிறகு பழைய நெசவுத் துணிகளைப் பராமரிக்கும் வேலையில் பல வருஷங்கள் இருந்தவன். துணியைப் பற்றிச் சொல்வதைக் கையால் தொட்டுப் பார்த்த உறுதியோடு சொல்வேன். சொல் வரலாறு என் துறை இல்லை. அதில் அறிஞர்கள் ஒத்துப்போகும் இடத்தையும் ஊகம் செய்யும் இடத்தையும் தனித்தனியாகக் காட்டிவிடுகிறேன்.

முதலில் நெசவு. சாதாரணத் துணியில் பாவு நூல் நீளவாக்கில் தறியில் இழுத்துக் கட்டியிருக்கும். ஊடை நூல் நாடா என்ற ஓடக்கட்டையில் ஏறி ஒரு கரையிலிருந்து மறு கரை வரை முழு அகலமும் ஓடும். டேப்பஸ்ட்ரியில் ஊடை அப்படி ஓடுவதில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் நூல் சுற்றிய சின்னத் தார் ஒன்று தனியாக இருக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் மட்டும் சிவப்பு நூல் பாவுக்குள் போய் வரும். அந்த நிறத்தின் எல்லை வந்ததும் திரும்பிவிடும். பக்கத்தில் நீலம் தன் எல்லைக்குள் போய் வரும். ஒரே வரியில் இருபது நிறம் வந்தால் இருபது தார்கள் தொங்கிக்கொண்டிருக்கும். நெய்த ஊடையைச் சீப்பாலோ தாரின் கூர்முனையாலோ அடித்து நெருக்கிக்கொண்டே போவதால் பாவு முழுவதும் மறைந்துபோகும். முடிந்த துணியில் பாவு இருக்கும் இடம் வரிவரியான மேடாக மட்டும் தெரியும். கண்ணுக்குத் தெரியும் நிறம் எல்லாமே ஊடையின் நிறம்.

இதிலிருந்து ஒரு விஷயம் பிறக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்தக் கலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமும் அதுதான். புட்டா போட்ட துணியில் அடித்துணி ஒன்று இருக்கும், அதன் மேல் பூவுக்கான நூல் கூடுதலாக ஓடும். அந்தப் பூ நூலை உருவி எடுத்துவிட்டாலும் துணி நிற்கும். எம்பிராய்டரியிலும் அப்படித்தான், தையலைப் பிரித்தால் கீழே இருக்கும் துணிக்கு ஒன்றும் ஆகாது. டேப்பஸ்ட்ரியில் சிவப்பை உருவினால் அந்த இடத்தில் ஓட்டை விழும், பாவு மட்டும் வெறும் கம்பியாக நிற்கும். கட்டிய சுவரின் மேல் சித்திரம் தீட்டுவது ஒன்று, நிறநிறமான செங்கற்களை அடுக்கிச் சித்திரமே சுவராக எழும்பும்படி கட்டுவது இன்னொன்று. டேப்பஸ்ட்ரி இரண்டாவது வகை. படமும் துணியும் ஒரே சமயத்தில், ஒரே செயலில் உண்டாகின்றன.

இந்த முறைக்கு ஒரு சிக்கலும் உண்டு. இரண்டு நிறங்களின் எல்லை பாவுக்கு இணையாக நேராகப் போனால், சிவப்பு ஒரு பக்கம் திரும்பும், நீலம் மறுபக்கம் திரும்பும், நடுவில் பிளவு விழும். அந்தப் பிளவை அப்படியே விடலாம், பிறகு ஊசியால் தைக்கலாம், அல்லது இரண்டு ஊடைகளையும் ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டிக்கொண்டு போகலாம். கைதேர்ந்த நெசவாளர்கள் பிளவைக் குறையாக நினைக்கவில்லை, கருவியாக எடுத்துக்கொண்டார்கள். கண்ணிமையின் ஓரம், உதடுகள் சேரும் கோடு, விரல்களுக்கு நடுவே விழும் நிழல், இவற்றையெல்லாம் நூலே இல்லாமல் வெறும் பிளவால் வரைந்த பழைய துணிகளை நான் பார்த்திருக்கிறேன். அருகில் போய்ப் பார்க்கும்போது மனம் நெகிழ்ந்துபோகும். நிறங்கள் ஒன்றோடொன்று கரைய வேண்டிய இடத்தில் ஒரு நிறத்தை மற்றொன்றுக்குள் சீப்புப் பற்கள் போல நீட்டி நெய்வார்கள். தள்ளி நின்று பார்த்தால் இடைநிறம் ஒன்று இருப்பது போலத் தெரியும்.

ஐரோப்பாவின் பெரிய திரைகளைப் பெரும்பாலும் பக்கவாட்டில் சாய்த்துத்தான் நெய்தார்கள். படத்தில் வரும் மனிதர் தறியில் படுத்த நிலையில் இருப்பார், துணியைக் கழற்றித் திருப்பித் தொங்கவிட்டால் எழுந்து நிற்பார். தறியின் அகலம் திரையின் உயரம் ஆகும், நீளத்துக்கு எல்லை இருக்காது. ஆனால் தொங்கும்போது பாவு கிடைமட்டமாகிவிடுவதால் எடை முழுவதும் ஊடையின் மேல் விழுகிறது. பிளவுகள் வாய் பிளக்கின்றன. பராமரிப்பு வேலையில் எங்கள் நேரத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகும். பிளவுகளைத் தைப்பது, பின்னால் லினன் துணி கொடுத்து எடையைத் தாங்க வைப்பது, வெளிச்சத்தைக் குறைப்பது.

நெசவாளர் படத்தின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நெய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் பின்பக்கம் உட்கார்ந்திருப்பார். பாவு செங்குத்தாக நிற்கும் நின்ற தறியில் படத்தின் கோடுகளைப் பாவின் மேலேயே மையால் குறித்துக்கொள்வார்கள், முன்பக்கம் எப்படி வருகிறது என்பதைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். பாவு கிடைமட்டமாக இருக்கும் படுத்த தறியில் முழு அளவில் வரைந்த மாதிரிப் படம் பாவுக்குக் கீழே இருக்கும், அதனால் முடிந்த துணியில் இடம் வலமாக மாறிவிடும். 1515இல் போப் பத்தாம் லியோ சிஸ்டைன் தேவாலயத்துக்காக ஓவியர் ராஃபேலிடம் மாதிரிப் படங்கள் கேட்டபோது அவர் இதை மனதில் வைத்து இடம் வலமாக மாற்றியே வரைந்தார். பிரஸ்ஸல்ஸில் பீட்டர் வான் ஆல்ஸ்ட் பட்டறையில் அந்தப் படங்களை நீள நீளப் பட்டைகளாக வெட்டித் தறிக்கு அடியில் வைத்து நெய்தார்கள். அவற்றில் ஏழு மீண்டும் ஒட்டப்பட்டு இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ராஃபேலுக்குக் கிடைத்த கூலியைப் போலப் பல மடங்கு நெசவுக்குச் செலவானது. அன்றைக்கு ஓவியத்தைவிட நெய்த படம்தான் பெரிய சொத்து.

சரி, இத்தனை தெளிவான ஒரு நெசவுக்குப் பெயரில் ஏன் இவ்வளவு குழப்பம்? உலகத்திலேயே அதிகம் பேசப்படும் டேப்பஸ்ட்ரி டேப்பஸ்ட்ரியே இல்லை என்பது ஒரு காரணம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய கதையைச் சொல்லும் பாயூ டேப்பஸ்ட்ரி சுமார் 70 மீட்டர் நீளமுள்ள லினன் துணி. அதன் மேல் கம்பளி நூலால் ஊசிவேலை செய்திருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருமையான எம்பிராய்டரி அது, நெசவுச் சித்திரம் கிடையாது. இதைத் தவறு என்று சட்டென்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஏனென்றால் பிரெஞ்சில் தப்பிஸெரி என்ற சொல் சுவரில் தொங்கும் அலங்காரத் துணிக்கும், கட்டமிட்ட கான்வாஸில் கம்பளி நூலால் செய்யும் தையலுக்கும் சேர்த்தே வழங்குகிறது. பிரிட்டனில் இன்றும் கான்வாஸ் தையலை டேப்பஸ்ட்ரி என்று சொல்பவர்கள் நிறைய. அப்புறம் 1804ஐ ஒட்டி ஜக்கார்டு தறி வந்து, துளையிட்ட அட்டைகளின் உதவியால் படத்தை எந்திரமே நெய்யத் தொடங்கியது. அதிலிருந்து வரும் துணிகளும் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. இப்போது இணையத்தில் இந்தப் பெயரில் விற்கப்படுபவற்றில் பல, பாலியெஸ்டரில் படம் அச்சடித்துச் சுவரில் மாட்டும் துணிகள். எது எது என்று தெரிய வேண்டுமானால் துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சுத் துணியின் பின்புறம் வெளுப்பாக இருக்கும். ஜக்கார்டில் நிறங்கள் பட்டைபட்டையாகத் துணியின் முழு அகலத்துக்கும் ஓடுவது தெரியும். எம்பிராய்டரியில் தையல்களுக்கு நடுவே அடித்துணி தெரியும். உண்மையான டேப்பஸ்ட்ரியின் பின்னால் அதே படம் இடம் வலமாக மாறித் தெரியும், ஆங்காங்கே நூல் முனைகள் தொங்கும்.

இனி பெயருக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இது. ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சின் தப்பிஸெரியிலிருந்து வந்தது. அதன் அடி தப்பி, அதாவது தடித்த துணி, விரிப்பு, கம்பளம். இடையில் வரும் ட் ஒலி ஆங்கிலத்தில் பேச்சுவாக்கில் நுழைந்தது, மூலத்தில் இல்லை. பிரெஞ்சுச் சொல்லுக்குப் பின்னால் கிரேக்கம் இருக்கிறது. கிரேக்கத்தில் தபேஸ் என்றால் விரிப்பு. ஹோமரின் இலியட்டில் அக்கிலிஸ் தன்னைப் பார்க்க வந்தவர்களைச் செந்நீல விரிப்புகளில் உட்கார வைக்கும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. லத்தீன் அதைத் தபேத்தே, தபேத்தும் என்று எடுத்துக்கொண்டது. இதே குடும்பத்திலிருந்துதான் இத்தாலியத்தில் கம்பளத்துக்கும், ஜெர்மனில் கம்பளத்துக்கும் சுவரில் ஒட்டும் காகிதத்துக்கும் பெயர்கள் வந்தன. ஆக, இந்தச் சொல் பிறந்தபோது அதற்குள் படம் இல்லை, சுவர் இல்லை. உடம்புக்குக் கதகதப்பாக விரித்துக்கொள்ளும் கனத்த துணி, அவ்வளவுதான். தரையிலிருந்து மேசைக்கும் மேசையிலிருந்து சுவருக்கும் பிறகுதான் ஏறியது.

உறுதியில்லாத பகுதி கிரேக்கத்துக்கு முந்தையது. தபேஸ் கிரேக்கத்தின் சொந்தச் சொல் போலத் தெரியவில்லை என்று பலர் கருதுகிறார்கள். ஈரானிய மொழி ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்பது அதிகம் சொல்லப்படும் ஊகம். பாரசீகத்தில் தாஃப்தன் என்றால் முறுக்குதல், நூற்றல். டாஃபெட்டா என்ற பட்டுத் துணியின் பெயர் அந்த வேரிலிருந்து வந்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தபேஸும் அதே வேரிலிருந்து வந்ததா என்பது நிரூபிக்கப்படாத விஷயம். இணையத்தில் சிலர் இதை முடிந்த முடிவாக எழுதுகிறார்கள். கவர்ச்சியான கதைதான், ஆனால் ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துணிக்கு ஊர்ப் பெயரும் குடும்பப் பெயரும்கூட வாய்த்தன. பிரான்சின் வடக்கே உள்ள அராஸ் நகரம் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் இந்த நெசவுக்குப் பேர்போனது. இத்தாலியர்கள் இன்றும் டேப்பஸ்ட்ரியை அராட்ஸோ என்கிறார்கள். பழைய ஆங்கிலத்திலும் அராஸ் என்றாலே தொங்கும் திரை. ஹாம்லெட் நாடகத்தில் பொலோனியஸ் ஒளிந்துகொண்டு ஒட்டுக்கேட்பதும், குத்துப்பட்டுச் சாவதும் அராஸுக்குப் பின்னால்தான். கற்சுவரின் ஈரம் படாமல் இருக்கத் திரையைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளித் தொங்கவிடுவது வழக்கம், அந்த இடைவெளியில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். பாரிஸில் சாயம் தோய்த்துவந்த கோபெலின் குடும்பத்தின் இடத்தில் 1662இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் அரச நெசவாலை ஒன்றை ஏற்படுத்தினார். அதன் பிறகு பல ஐரோப்பிய மொழிகளில் கோபெலின் என்பதே இந்தத் துணியின் பெயராகிவிட்டது.

பெயர்தான் ஐரோப்பாவுடையது, நெசவு முறை அதைவிடப் பல மடங்கு பழையது. எகிப்தில் நான்காம் துட்மோஸின் கல்லறையில் கிடைத்த லினன் துண்டுகள் கி.மு. 1400ஐ ஒட்டியவை. அவற்றில் தாமரையும் அரசர் பெயரும் இதே முறையில் நெய்யப்பட்டிருக்கின்றன. பெருவின் வாரி, இன்கா மக்கள் இதில் அடைந்த நுட்பத்தை வேறு யாரும் தாண்டியதாக எனக்குத் தோன்றவில்லை. இன்காக்களின் கும்பித் துணி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், பொன்னுக்கு மேலாக அதை மதித்தார்கள். சீனாவில் பட்டு நூலால் நெய்த கெஸி என்ற வகையில் சோங் காலத்தில் ஓவியங்களையே படியெடுத்தார்கள். நிற எல்லைகளில் விழும் பிளவுகளால் வெட்டிய பட்டு என்ற பொருளில் அந்தப் பெயர் வழங்குகிறது. காஷ்மீரின் கானி சால்வை, பைட்டணிச் சேலையின் முந்தானை ஆகியவையும் இந்தக் குடும்பம்தான். அடிப்படை நெசவில் சின்ன மாற்றங்கள் உண்டு, ஆனால் ஒவ்வொரு நிறமும் தன் எல்லைக்குள் திரும்புகிறது என்ற விதி ஒன்றே.

உவமைக்கு வருவதற்கு முன், ஆங்கிலத்தில் இந்தச் சொல்லோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் ‘செழுமையான’ என்ற அடைமொழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் அது வெறும் பாராட்டாக இருக்கவில்லை, நேரடியான விலை மதிப்பு. கம்பளியோடு பட்டு, பட்டோடு தங்கமும் வெள்ளியும் சுற்றிய இழைகள் என்று நெய்தார்கள். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி இறந்தபோது எடுத்த கணக்கில் 2,000க்கும் மேற்பட்ட திரைகள் இருந்தன. அரசர்கள் ஒரு கோட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இவற்றைச் சுருட்டி எடுத்துப்போய் மாட்டினால் வெறும் கல் மண்டபம் ஒரே நாளில் அரண்மனையாகிவிடும். இதே தங்கம் அவற்றுக்கு எமனாகவும் வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1797இல் பணமுடையில் இருந்த அரசு, அரச சேகரிப்பிலிருந்த பல திரைகளை உலோகத்தை உருக்கி எடுப்பதற்காக எரித்தது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆங்கிலத்தில் இந்த அடைமொழியும் பெயரும் சேர்ந்து வரும் பழைய இடங்களில் ஒன்று, கவிதையை ஆதரித்து ஆங்கிலக் கவிஞர் பிலிப் சிட்னி எழுதிய, 1595இல் அச்சான நூலில் இருக்கிறது. கவிஞர்கள் செய்த அளவுக்குச் செழுமையான டேப்பஸ்ட்ரியாக இயற்கை இந்தப் பூமியை ஒருபோதும் அலங்கரித்ததில்லை என்கிறார். அங்கே உவமை பளபளப்பைப் பற்றியது. அரண்மனைச் சுவரைப் பார்த்தவர் பார்த்தவருக்காக எழுதியது.

ஆனால் இந்தத் துணியை உவமையாக்கியதில் சிட்னி முதல் ஆள் இல்லை. பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஏதென்ஸிலிருந்து விரட்டப்பட்ட தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் பாரசீக அரசரிடம் அடைக்கலம் புகுகிறார். மனம் திறந்து பேசு என்று அரசர் சொன்னபோது, மனிதனின் பேச்சு சித்திர விரிப்பைப் போன்றது, விரித்தால்தான் உருவங்கள் தெரியும், சுருட்டினால் மறைந்து சிதைந்துபோகும், ஆகவே எனக்குக் கால அவகாசம் வேண்டும் என்று அவர் பதில் சொன்னாராம். அரசருக்கு உவமை பிடித்துப்போய் அவகாசம் கொடுத்தார், தெமிஸ்டோக்ளிஸ் அதற்குள் பாரசீகம் கற்றுக்கொண்டார். அந்தக் கிரேக்கப் பகுதியில் வரும் சொல் தபேஸ் இல்லை, விரிப்பைக் குறிக்கும் வேறொன்று. பொருள் மட்டும் அதேதான்.

இதைவிட எனக்கு நெருக்கமானது ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸின் உவமை. 1615இல் வெளிவந்த டான் கிஹோட்டே இரண்டாம் பாகத்தில், மொழிபெயர்ப்பைப் படிப்பது பிளாண்டர்ஸ் டேப்பஸ்ட்ரியைப் பின்பக்கத்திலிருந்து பார்ப்பது போல என்று வருகிறது. உருவங்கள் தெரிகின்றன, ஆனால் மேலே கிடக்கும் நூல்கள் அவற்றை மறைக்கின்றன, முன்பக்கத்தின் வழவழப்பும் நிறமும் இல்லை. துணியின் பின்பக்கத்தை உண்மையில் பார்த்த ஒருவர் எழுதியது என்று படித்த உடனே தெரிகிறது. பின்னால் உருவம் குலைந்துபோவதில்லை, தெளிவு மட்டும் குறைகிறது. பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் இன்னொரு உவமையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் கீழிருந்து பார்ப்பதால் வாழ்க்கை முடிச்சும் சிக்குமாகத் தெரிகிறது, மேலிருந்து பார்க்கும் கடவுளுக்கு முழுச் சித்திரம் தெரிகிறது என்பார்கள். சொல்ல வரும் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றும் புரியாத சிக்கலான பின்புறம் எம்பிராய்டரிக்குத்தான் உண்டு. டேப்பஸ்ட்ரியின் பின்புறத்தில் படம் படமாகவே இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செர்வாண்டிஸ் காலத்துத் துணிகளின் இன்றைய நிலை அவருடைய உவமையையே திருப்பிப் போட்டுவிட்டது. இடைக்கால ஐரோப்பாவின் சாயக்காரர்கள் சிவப்புக்கு மஞ்சிட்டி வகைச் செடியின் வேரையும், நீலத்துக்கு வோட் என்ற செடியின் இலையையும், மஞ்சளுக்கு வெல்ட் என்ற செடியையும் பயன்படுத்தினார்கள். பச்சை வேண்டுமென்றால் நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றுவார்கள். வெல்ட் மஞ்சள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும், நீலம் தங்கும். அதனால்தான் பழைய திரைகளில் மரங்களும் புல்லும் விநோதமாக நீலம் பூத்துத் தெரிகின்றன. நெய்தவர் நீல மரம் நெய்யவில்லை. பின்பக்கம் வெளிச்சம் படாததால் அங்கே பச்சை பச்சையாகவே இருக்கிறது. பிரான்சின் ஆன்ஜே கோட்டையில் உள்ள, பைபிளின் கடைசி நூலான வெளிப்பாட்டைச் சித்திரிக்கும் வெளிப்பாடு திரைகள் இதற்கு நல்ல சாட்சி. அஞ்சூ பிரபு முதலாம் லூயிக்காக 1377 முதல் 1382 வரையிலான ஆண்டுகளில் நெய்யப்பட்டவை. முதலில் சுமார் 140 மீட்டர் இருந்து, இன்று 100 மீட்டர் அளவில் எஞ்சியிருக்கின்றன. அதன் பின்பக்கத்தையும் முன்பக்கம் போலவே நூல் முனை தெரியாமல் முடித்திருக்கிறார்கள், நிறங்கள் அங்கேதான் பளிச்சென்று இருக்கின்றன. நெய்த நாளில் அது எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இனி நீங்கள் படிக்கும் கட்டுரைகளுக்கு வருவோம். இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் உவமையாக வரும் இடங்களை நான் மூன்று விதமாகப் பார்க்கிறேன். ஒன்று, கண்ணால் காணும் பரப்பு. விமானத்திலிருந்து தெரியும் வயல்வெளி, இலையுதிர் காலத்து மலைச்சரிவு. இங்கே சொல் தன் பழைய விரிப்பு என்ற பொருளுக்கு அருகில் நிற்கிறது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது, பல பேருடைய வாழ்க்கையோ பல காலத்து நிகழ்வுகளோ ஒன்றையொன்று தாங்கி ஒரு முழுமையை உண்டாக்கும் இடம். ஒரு துறைமுக நகரத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வணிகர், மாலுமி, சுமை தூக்குபவர், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர் என்ற ஒவ்வொரு இழையையும் எடுத்துவிட்டால் தனியாக நிற்கும் ‘நகரம்’ என்று ஒன்று இருக்காது. அந்த மக்களே அந்த நகரம். மேலே சொன்ன நெசவு விதி இங்கே அப்படியே பொருந்துகிறது. அடித்துணி வேறு, அலங்காரம் வேறு என்று பிரிக்க முடியாத ஒன்றைப் பற்றிப் பேசும்போது இந்த உவமை தன் முழு வலுவோடு வருகிறது.

மூன்றாவது விதத்தில்தான் எனக்குக் குறை. பலவகையான பொருள்கள் இருக்கின்றன என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லாமல், வாக்கியத்துக்கு ஒரு பட்டுக்கரை கட்டுவதற்காக இந்தச் சொல்லைப் போடுகிறார்கள். சுற்றுலா விளம்பரங்களிலும் நிறுவன அறிக்கைகளிலும் இது வெகுகாலமாக இருக்கிறது. அண்மைக் காலத்தில் இயந்திரங்கள் எழுதிக் கொடுக்கும் ஆங்கிலத்தில் இது அளவுக்கு மீறி வருவதால், இந்தச் சொல்லைப் பார்த்தாலே வாசகர்கள் சந்தேகப்படும் நிலை வந்துவிட்டது. ஒரு அருமையான கைத்தொழிலின் பெயர் இப்படித் தேய்ந்துபோவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். படிக்கும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த இடத்தில் ‘தொகுப்பு’ என்று போட்டால் வாக்கியம் எதையும் இழக்கவில்லை என்றால், அங்கே உவமை வேலை செய்யவில்லை.

தமிழில் எழுதும்போது துணியைக் குறிக்க வேண்டுமானால் நான் ‘சித்திர நெசவுத் திரை’ என்று எழுதுவேன். நெசவு என்ற சொல் உள்ளே வந்துவிடுவதால் எம்பிராய்டரியோடு குழம்பாது. தொங்கவிடாத சிறு துண்டு என்றால் ‘சித்திர நெசவு’ போதும். உவமையாக வரும் இடத்தில் ஒரே தமிழ்ச் சொல்லை எல்லா இடத்துக்கும் பூட்ட வேண்டாம். நிலக்காட்சிக்கு விரிப்பு நன்றாக உட்காரும். வாழ்க்கை, வரலாறு, பண்பாடு என்று வரும்போது நம்மிடம் ஊடும் பாவும் என்ற வழக்கு இருக்கிறது. ‘இன்பமும் துன்பமும் ஊடும் பாவுமாக ஓடுகிற வாழ்க்கை’ என்றால் எந்த வாசகருக்கும் விளக்கம் தேவைப்படாது. இரண்டுக்கும் உள்ள ஒரு நுண்ணிய வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். ஊடும் பாவும் என்னும்போது இரண்டு இழைகளும் சமமாகத் தெரிகின்றன, டேப்பஸ்ட்ரியிலோ பாவு கண்ணில் படுவதே இல்லை. மூல ஆசிரியர் மறைந்து நின்று தாங்கும் ஒன்றைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அதைத் தனியாக எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது. வெறும் பலவகைமைக்குக் ‘கதம்பம்’ என்பது எளிமையாகவும் நேர்மையாகவும் இருக்கும்.

பிரெஞ்சு, ஜெர்மன் நூல்களை நேராகப் படிப்பவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஜெர்மனில் தபேத்தே என்று வந்தால் அது பெரும்பாலும் சுவர்க் காகிதம், சித்திர நெசவு இல்லை. பிரெஞ்சில் ஒரு விஷயத்தைத் தப்பியின் மேல் வைப்பது என்றால் பேச்சுக்கு எடுப்பது, மேசை விரிப்பை மனதில் வைத்து வந்த வழக்கு. ஒரு பெண் தப்பிஸெரி செய்கிறாள் என்று கதையில் வந்தால் இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவள் கான்வாஸில் தைத்துக்கொண்டிருக்கிறாள். நடன விருந்தில் என்றால், ஆட யாரும் அழைக்காமல் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம்.